நட்ட மறுநாள்

மழை தொடங்கியதும் தலைநகராம் தில்லியில் மரம் நடும் விழாக்களும் தொடங்கிவிடும். 1950ஆம் ஆண்டு ஜூலையில், அந்நாளில் நடுவண் அரசின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். அது முதல் ஜூலையின் முதல் வாரம் கன்றுகளுக்கு உரிய வாரமாயிற்று. 2024ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, தாயின் பெயரால் ஒரு மரம் நடுமாறு மக்களை அழைக்கும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் ஆண்டுதோறும் மண்வெட்டிகள் எழுகின்றன, கன்றுகள் நடப்படுகின்றன, படங்கள் எடுக்கப்படுகின்றன, இனிப்பும் வழங்கப்படுகிறது.

நட்டவற்றுள் எத்தனை கன்றுகள் மறு ஜூலையைக் காண்கின்றன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். நாங்களும் நெடுங்காலம் எண்ணிப் பாராதவர்களாகவே இருந்தோம். எண்ணியே தீரவேண்டிய நிலை ஒருமுறை வந்தது. அக்கதையையும், அதன் பயனாக நாங்கள் கற்றவற்றையும் இம்மலரைப் படிக்கும் தமிழ் அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம். கற்றவற்றின் சாரம் சிறியது: நடுவது ஒரு நாள் வேலை, கன்றைப் பிழைக்க வைப்பது இரண்டு கோடைகளின் வேலை. முன்னதற்கு ஆள் கிடைக்கும்; பின்னதற்குத்தான் ஆள் வேண்டும்.

தென்தில்லியில் நடுவண் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் எங்கள் வாசம். நாற்புறமும் இரண்டு மாடிக் கட்டடங்கள். நடுவே ஒரு புல்வெளி. அதனைச் சூழ்ந்த வீடுகளில் ஆறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே திங்களில் இந்நகரம் பட்ட பாட்டை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. எங்கள் புல்வெளியைச் சுற்றியிருந்த வீடுகளில் மட்டும் ஐவரை இழந்தோம். அவருள் ஒருவர் எங்கள் அனைவருக்கும் மாமியாக விளங்கியவர்.

மாமிக்குச் சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூப் பச்சடி இல்லாமல் ஆகாது. தில்லியில் வேம்பு தாமதமாகவே பூக்கும்; புத்தாண்டு பிறக்கும்போது மரத்தில் பூ கிடைப்பது அரிது. ஆகவே ஏப்ரல் இறுதியிலும் மேயிலும் அடுத்த தெருவின் வேப்ப மரங்களின் கீழ்ப் பழைய புடவையை விரித்துப் பூவைச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, மறு ஆண்டுக்கென்று டப்பாக்களில் அடைத்து வைப்பார். புத்தாண்டுக் காலையில் ஆறு வீடுகளுக்கும் ஒரு பிடி பூ வந்து சேரும். “நம் வாசலிலேயே ஒரு மரம் இருந்தால் இப்படி ஊரார் மரத்தைத் தேடிப் போக வேண்டாம் அல்லவா?” என்று ஆண்டுதோறும் சொல்வார். நாங்களும் ஆண்டுதோறும் ஆமென்போம்.

மாமியின் கணவர், எங்களுக்கு மாமா, அவ்வாண்டு ஜூன் இறுதியில் பணி ஓய்வு பெற்றார். கும்பகோணத்துக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். ஜூலையில், மறைந்த ஐவர் நினைவாக ஐந்து கன்றுகள் நட்டோம்: நாவல் இரண்டு, கொன்றை ஒன்று, புங்கம் ஒன்று, வேம்பு ஒன்று. வேம்பை மாமா தம் கையாலேயே நட்டார். காற்றுக்குச் சாய்ந்துவிடலாகாது என்று தண்டில் ஒரு சாண் அளவு மண்ணுக்குள் போகுமாறு புதைத்து, காலால் மிதித்து இறுக்கினார். நாங்களும் ஆளுக்கொரு கைப்பிடி மண்ணிட்டோம். ஆகஸ்டில் அவர் ஊருக்குப் புறப்பட்டார். புகைவண்டி நிலையத்தில் எங்களிடம் வேறொன்றும் சொல்லவில்லை. “வேம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

திங்கள்தோறும் தொலைபேசியில் அழைப்பார். நலம் உசாவிய பின் வேம்பைப் பற்றி ஒரு கேள்வி தவறாமல் வரும். ஆகஸ்டில் “தளிர் விட்டிருக்கிறது, மாமா” என்றோம், அது மெய். செப்டம்பரிலும் மெய். அக்டோபரில் இலை ஓரங்கள் பழுப்பேறின. டிசம்பர்க் குளிரில் சில இலைகள் கருகின. மார்ச்சில் எஞ்சியவையும் உதிர்ந்தன; வேம்பு இலையுதிர்க்கும் காலமாதலால் மீண்டும் துளிர்க்கும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். ஏப்ரலில் ஊர் வேம்புகளெல்லாம் செம்பழுப்புத் தளிர்களால் பொலிந்தன. எங்கள் வேம்பு குச்சியாகவே நின்றது. மே மாதம் நகத்தால் அதன் பட்டையைக் கீறிப் பார்த்தோம். உயிருள்ள தண்டாயின் பட்டைக்குக் கீழே பச்சை தெரியும். எங்களுக்குத் தெரிந்தது காய்ந்த விறகின் நிறம்.

ஐந்தில் நான்கு போயின. பிழைத்தது புங்கம் ஒன்றே. அது கசியும் குழாய் ஒன்றின் அருகே நடப்பட்டிருந்தது என்பதை அப்போது நாங்கள் கருதவில்லை.

அவ்வார இறுதியில் மாமா அழைத்தார். “வேம்பு எப்படி இருக்கிறது?” என்றார். “நன்றாக இருக்கிறது, மாமா. வளர்ந்து வருகிறது” என்று விடை சென்றது. சொன்னவர் எங்களில் ஒருவர். அருகில் நின்று வாளாவிருந்தோர் மற்றெல்லோரும். எனவே அப்பொய் எங்கள் அனைவருக்கும் பொதுவான பொய்.

பொய்யை மெய்யாக்க ஒரே வழி இருந்தது. மீண்டும் ஒரு வேம்பை நட்டு வளர்ப்பது. ஆனால் முன்னது ஏன் இறந்தது என்று அறியாமல் பின்னதை நடுவதில் பயனில்லை. அண்டையிலுள்ள பூங்காவில் நெடுங்காலம் வேலை செய்த முதிய மாலி ஒருவரை அழைத்து வந்தோம். கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இறந்த வேம்பைச் சுற்றி மண்வெட்டியால் நான்கு வெட்டு வெட்டிக் கன்றை வேரோடு தூக்கி எங்கள் முன் போட்டார்.

ஓராண்டு மண்ணில் இருந்த கன்று, நாற்றங்காலிலிருந்து வந்த பையின் வடிவிலேயே வெளிவந்தது! பையை நாங்கள் கிழித்துத்தான் எறிந்திருந்தோம். ஆயினும் வேர்கள் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி முறுக்குப் பிழிந்தாற்போல் இறுகியிருந்தன. இரண்டொரு வேர் நுனிகள் மட்டும் ஒரு விரல் நீளம் வெளியே வந்து, உடைந்த செங்கல்லில் முட்டி நின்றுவிட்டன. மண்ணுள் புதைந்திருந்த தண்டின் பட்டை அழுகிக் கழன்று வந்தது. “பாபுஜி, இது உங்கள் மண்ணுக்கு வந்து சேரவே இல்லை. நாற்றங்காலின் மண்ணிலேயே இருந்து, அங்கேயே செத்திருக்கிறது” என்றார் மாலி. பக்கத்திலிருந்த நாவலைத் தோண்டியபோது எங்களுக்கு மேலும் தலைகுனிவு ஏற்பட்டது. அதைப் பையோடு நட்டிருந்தோம்.

கன்று நட்ட பின் ஏன் நலிகிறது என்பதை அன்று முதல் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டோம். நீரை உறிஞ்சுவன கண்ணுக்குத் தெரியும் பருத்த வேர்கள் அல்ல. இளவேர் நுனிகளுக்குச் சற்றுப் பின்னே மயிரினும் மெல்லியவாய் அடர்ந்திருக்கும் வேர்த்தூவிகளே அத்தொழிலில் பெரும்பங்கு ஆற்றுவன. அவை குறுகிய வாழ்நாள் உடையன. புதியன முளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் சில நிமிடங்கள் கிடந்தால் உலர்ந்து போகும். நிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் கன்றோ தன் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதியை நிலத்திலேயே விட்டுவிட்டு வருகிறது. பையில் வளர்ந்த கன்றுக்கு அவ்விழப்பு குறைவு. ஆயினும் அதன் வேர் முழுவதும் இரு கையில் அடங்கும் மண்ணுருண்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

மேலேயோ இலைகள் முன்போலவே இருக்கின்றன. அவை தம் நுண்துளைகள் வழியே நாள் முழுதும் நீரை ஆவியாக விடுகின்றன. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலை இது. கன்று தன்னைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகாது. உணவு சமைக்க இயலாது. உணவில்லையேல் புதிய வேர் விட ஆற்றல் ஏது? புதிய வேர் இல்லையேல் நீர் ஏது? இவ்வாறு ஒன்றன் குறை மற்றொன்றை வளர்க்கும். இவ்வட்டத்தை வெளியிலிருந்து உடைக்கக்கூடியது நாம் ஊற்றும் நீரேயாகும்.

நட்ட சில வாரங்களில் தோன்றும் தளிர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அத்தளிர் பெரும்பாலும் கன்று தன் தண்டிலும் வேரிலும் முன்னரே சேமித்து வைத்த உணவின் செலவு. புது மண்ணில் ஈட்டிய வருவாய் அன்று. ஆகஸ்டில் நாங்கள் மகிழ்ந்து மாமாவிடம் சொன்ன தளிர் இத்தகையது. சுற்றியுள்ள மண்ணின் ஈரமும் இவ்வாறே ஏமாற்றும். வேர்கள் அனைத்தும் அந்த ஓர் உருண்டைக்குள் இருப்பதால் அது சுற்றுமண்ணைவிட விரைவில் உலரும். புல்வெளி ஈரமாக இருக்கிறதென்று நாம் வாளா இருப்போம். ஒரு சாண் தொலைவில் கன்று தாகத்தால் வாடும்.

இனி, தில்லியின் பருவங்கள். இங்குப் பெய்யும் ஆண்டு மழையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் பலவிடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை இங்கு இல்லை. ஜூலையில் நட்ட கன்றுக்கு மூன்று திங்கள் கூட முழுதாய் மழை கிட்டாது. அதன் பின் குளிர், பனிமூட்டம், சில இரவுகளில் 3, 4 டிகிரி வரை இறங்கும் தட்பம். மார்ச்சில் வெயில் ஏறும். மே, ஜூனில் மேற்கிலிருந்து வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சியெடுக்கும். 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வேர் இன்னும் பையளவிலேயே இருக்கும் கன்று இதனை எங்ஙனம் தாங்கும்? மழையை நம்பி நட்டுவிட்டு மழை நின்றதும் மறந்துவிடுவதே எங்கள் முதற்பிழை எனலாம்.

2022ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் மாலியின் சொற்படி வேலையில் இறங்கினோம். பழைய இடத்திலிருந்து நான்கு முழம் தள்ளி, மூன்றடிக்கு மூன்றடியாக மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டினோம். குடியிருப்பு கட்டிய காலத்தில் புதைத்த செங்கல், சிமெண்டுக் கட்டி, கம்பித் துண்டு யாவும் வெளிவந்தன. நகரத்தில் மண் என்று நாம் காண்பது பலவிடங்களில் இடிபாட்டின் மேல் பூசிய ஒரு சாண் மண்ணே. மேலும் பல்லாண்டு மக்கள் நடந்து நடந்து இறுகிய மண்ணில் காற்றுப் புகாது. வேருக்கும் மூச்சு வேண்டுமாதலால் அதுவும் வளராது. குழியை மூன்று வாரம் வெயிலில் திறந்தே வைத்திருந்தோம். பின்னர்ச் சலித்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவும், கரையானுக்காக இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பினோம். நட்ட பிறகு மண் கீழிறங்கிக் கன்றும் உடன் இறங்கிவிடலாகாது என்பதற்காக, நடுவதற்கு முன்னரே இருமுறை நீர்விட்டு மண்ணை அமரச் செய்தோம்.

கன்றைத் தெரிவதிலும் எங்கள் எண்ணம் மாறியது. முதலாண்டு ஆள் உயரக் கன்றுகளாகப் பார்த்து எடுத்தோம். படத்தில் அவையே எடுப்பாகத் தெரியும். உயரக் கன்றுக்கு இலை மிகுதி. பையோ அதே பை. இம்முறை இரண்டடி வேம்பு ஒன்றைத் தெரிந்தோம். பையின் அடித்துளை வழியே தடித்த வேர் வெளிவந்த கன்றுகளை ஒதுக்கினோம். சிறிய கன்று விரைவில் வேரூன்றி, சில ஆண்டுகளில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும் என்றார் மாலி. அது மெய்யாதலைப் பின்னர்க் கண்டோம்.

ஜூலையில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் நட்டோம். நடும் முன் பையோடு கன்றை நீரில் சற்று நேரம் அமிழ்த்தி வைத்தோம். பையை முழுதும் கிழித்தெடுத்தோம். உருண்டையின் அடியில் சுருண்டிருந்த வேரை அரை விரற்கடை அளவு அரிந்துவிட்டு, பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று கீறல்கள் இட்டார் மாலி. எங்களுக்கு நெஞ்சு துணுக்குற்றது. “சுற்றிய வேர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அரிந்துவிட்டால் வெளியே போகும். விட்டுவைத்தால் பத்தாண்டு கழித்துத் தன் கழுத்தைத் தானே நெரிக்கும்” என்றார். தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் குழியின் குறுக்கே ஒரு கழியை வைத்து அளந்து பார்த்தார். மாமா ஒரு சாண் ஆழத்தில் புதைத்தது எங்கள் நினைவுக்கு வந்தது. ஒருவரும் பேசவில்லை.

சாயாமலிருக்க இருபுறமும் இரு கழிகளை நட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டினோம். இறுக்கிக் கட்டினால் தண்டு காற்றில் அசையாது. அசையாத தண்டு உரம் பெறாது. ஓராண்டு கழிந்ததும் கழிகளைப் பிடுங்கிவிட்டோம். கன்றைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி, உதிர்ந்த இலைகளால் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு இட்டோம். தண்டைத் தொடாதபடி சுற்றிலும் ஒரு கையகலம் விட்டோம். மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காக்கும், வெப்பத்தைத் தணிக்கும், மக்கி எருவுமாகும். குடியிருப்பில் இலைகளைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கமும் இதனால் எங்களளவில் ஒழிந்தது. வளரட்டும் என்று யூரியா போட முனைந்தவரை மாலி தடுத்தார். வேரூன்றாத கன்றில் இலையைப் பெருக்குவது, கடன்பட்டவனுக்கு விருந்தினரை அனுப்புவது போன்றதாம். கிளைகளை வெட்டிவிட வேண்டுமா என்று கேட்டோம். ஒடிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் நீக்கச் சொன்னார்; வேர் வளர்க்கும் உணவு இலையிலிருந்தே வருதலால் இலையைக் குறைப்பது உதவி அன்று.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தன. மறுநாள் முதல்தான் உண்மையான வேலை.

அரசு அலுவலகத்தில் பணியாற்றுவோர்க்கு ஒன்று நன்கு தெரியும். எல்லோருக்கும் பொறுப்பு என்று எழுதப்பட்ட வேலை ஒருவருக்கும் பொறுப்பில்லாத வேலையாகிவிடும். முதலாண்டு நேர்ந்தது அதுவே; ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டார் ஊற்றியிருப்பர் என்றே கருதியிருந்தோம். ஆகவே இம்முறை ஒரு பதிவேடு திறந்தோம். ஆறு வீடுகள், முறை வைத்து நீர். மழையில்லாத நாட்களில் முதல் இரண்டு திங்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு வாளி. குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை. மார்ச்சில் வாரம் இருமுறை. மே, ஜூனில் மீண்டும் ஒன்றுவிட்டு ஒருநாள், அதுவும் கதிரெழும் முன்னரோ, கதிர் சாய்ந்த பின்னரோ. ஊற்றுமுன் விரலை இரு கணு ஆழம் வேருருண்டைக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருப்பின் ஊற்ற வேண்டா. மிகையான நீரும் வேருக்கு மூச்சடைப்பே. நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதைவிட இடைவிட்டு ஒரு வாளியை மெல்ல ஊற்றுவது நன்று; நீர் ஆழச் சென்றால் வேரும் அதனைப் பின்தொடரும்.

கோடையில் எங்கள் குடியிருப்பில் குழாய் நீர் காலையில் சிறிது நேரமே வரும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் வேம்புக்குச் சென்றன. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி தள்ளும் கழிவுநீரையும் ஊற்ற முனைந்தோம். அதில் உப்பு செறிந்திருக்குமாதலால் அதனைக் கைவிட்டோம். ஊருக்குச் செல்லும் விடுமுறை நாட்களுக்கு மாலி ஒரு வழி சொன்னார். மெருகிடாத மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்தோம். சுற்றுமண் உலர உலரப் பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் நனைந்ததும் கசிவு குறையும். பானை நீர் ஒருநாள் வெயிலில் ஆவியாகாமல் பல நாட்களுக்கு வந்தது.

டிசம்பர், ஜனவரியில் சர்கண்டா நாணலால் கன்றுக்கு ஒரு சிறு குடில் வேய்ந்தோம். வடக்கும் மேற்கும் மூடி, காலை வெயில் படுமாறு தென்கிழக்கைத் திறந்துவிட்டோம். குழந்தைகள் அதனை வேம்பின் வீடு என்றழைத்தனர்.

முதலாண்டில் கன்று ஏறத்தாழ உயரவே இல்லை. எங்களுக்குச் சோர்வு மிகுந்தது. மண்ணுக்குக் கீழே வேலை நடக்கும்போது மேலே ஒன்றும் தெரியாது என்று மாலி சொல்லிச் சென்றார். 2023 மழையில் அது இடுப்பளவிலிருந்து தலைக்கு மேல் எழுந்தது. 2024ஆம் ஆண்டுக் கடுங்கோடையில் அண்டைத் தெருவின் புதுக் கன்றுகள் பல கருகிய வேளையில், வாரம் இருமுறை நீரோடு எங்கள் வேம்பு பச்சையாகவே நின்றது. வேர், பையைவிட்டு ஊருக்குள் போய்விட்டது என்பதை அப்போது உணர்ந்தோம்.

இதற்கிடையில் இருவர் பணிமாற்றம் பெற்றனர். வீட்டை ஒப்படைக்கும் பட்டியலில் மின்விசிறி, குழாய், கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றோடு வேம்புக்குரிய நாளும் புதிதாய் வருவோரிடம் ஒப்படைக்கப்பட்டது. வந்தவருள் ஒருவர் ஒடியர், ஒருவர் பஞ்சாபியர். இருவரும் மறுக்கவில்லை. ஒருமுறை நடைபாதைக்கு ஓடு பதிக்க வந்தோர் தண்டுவரை சிமெண்டுப் பூச முனைந்தனர். தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சிமெண்டின்றி விடவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் ஆணையிட்டதை எடுத்துக் காட்டினோம். இடம் விட்டுப் பதித்துச் சென்றனர்.

புது தில்லி எழுந்த காலத்தில் தோட்டக்கலைப் பொறுப்பிலிருந்த டபிள்யூ. ஆர். மஸ்டோவின் மேற்பார்வையில் சாலைதோறும் கன்றுகள் நடப்பட்டன. இன்று கர்த்தவ்ய பாதை என வழங்கும் பழைய ராஜபாதையின் நாவல் மரங்கள் அக்கால நடவின் வழிவந்தவை. அவற்றின் நிழலில் நடப்போர் நட்டவர் பெயரைச் சிலவேளை கேள்விப்பட்டிருப்பர். முதல் கோடைகளில் தோளில் நீர் சுமந்து ஊற்றிய கைகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. 2018ஆம் ஆண்டு சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய ஊழியர் குடியிருப்புகளைப் புதுப்பிப்பதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டும் திட்டம் எழுந்தபோது, மக்கள் மரங்களைச் சூழ்ந்து நின்றனர். உயர்நீதிமன்றம் தடை விதித்தது. வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நடப்படும் என்பது அத்தகைய வேளைகளில் கூறப்படும் ஆறுதல். ஐந்து கன்றில் நான்கை ஓராண்டில் இழந்த எங்களுக்கு அக்கணக்கு எளிதில் விளங்கவில்லை. பத்துக்கு நீர் ஊற்றப் பத்து வாளியும், அவற்றைத் தூக்க ஆளும், இரண்டு கோடையும் அக்கணக்கில் எழுதப்பட்டிருந்தால் விளங்கியிருக்கும்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் உறவினர் திருமணத்துக்காக மாமா தில்லிக்கு வந்தார். எங்கள் குடியிருப்புக்கும் வந்தார். காப்பியை முடித்துக்கொண்டு, “வேம்பைப் பார்க்கலாமா?” என்றார். நாங்கள் அனைவரும் உடன் சென்றோம். மரம் முதல்மாடிச் சாளரத்தை எட்டியிருந்தது. அவர் தண்டின் அடியைக் குனிந்து பார்த்தார், சுவரைப் பார்த்தார், பின்னர் எங்களைப் பார்த்தார்.

“எப்போது மாற்றினீர்கள்?” என்றார்.

நடந்ததைச் சொன்னோம். பொய் சொன்னதையும் சொன்னோம். சிறிது நேரம் அவர் மரத்தின் மேல் கை வைத்தபடி நின்றார்.

“எனக்கு அப்போதே தெரியும். அந்த மே மாதம் பேசினபோது, நான் கேட்டதற்கு மேல் மரத்தைப் பற்றிப் பேசினீர்கள். அதற்கு முன் நீங்கள் அப்படிப் பேசியதில்லை” என்றார். பின்னர், “ஊருக்குப் போனபின் அங்கே ஒருவர் தென்னம்பிள்ளை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நினைத்தேன், நான் ரொம்ப ஆழமாகப் புதைத்துவிட்டேன் என்று. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை” என்றார்.

நாங்கள் மறைத்ததை அவரிடமிருந்து மறைத்தோம். அவர் தம் ஐயத்தை எங்களிடமிருந்து மறைத்தார். இரண்டுக்கும் நடுவே இந்த மரம் வளர்ந்து நின்றது.

“இன்று யார் முறை?” என்று கேட்டார். பஞ்சாபியர் வீட்டு முறை. அவ்வீட்டு அம்மையாரிடம் வாளியை வாங்கி மாமாவே ஊற்றினார். மூடாக்குக் கலையாமல், மெல்ல, வட்டத்தின் ஓரமாக. வேர் இப்போது ஓரத்தில்தான் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வேம்பு இன்னும் பூக்கவில்லை. பூக்கும் ஆண்டில் முதல் பூவை நிழலில் உலர்த்திக் கும்பகோணத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், முகவரியோடு, தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறோம். அப்போது எங்களில் யார் எந்த ஊரில் இருப்போம் என்பது எங்களுக்குத் தெரியாது.